வாழைக்காயில் மீன் வறுத்தவர்

எங்கள் எதிர் வீட்டு சார், தன் கல்யாணத்துக்கு முதல் நாளே ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய் வந்தவர். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, தனியாகத்தான் போனார். எந்தப் படியில் ஏறுவது, எந்த பெஞ்சில் உட்காருவது, கையெழுத்துப் போடுகிற மேஜைக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றெல்லாம் பார்த்துவிட்டு, கையோடு கொண்டுபோயிருந்த வெள்ளைத் தாளில் தன் கையெழுத்தைப் பல தடவை போட்டுப் பார்த்திருக்கிறார். அங்கிருந்த பியூன், "யாருக்கு சார் கல்யாணம்?" என்று கேட்டதற்கு, "நாளைக்கு எனக்கு. இன்னைக்கு சும்மா பழகிக்க வந்தேன்" என்றாராம். பியூன் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டாராம்.

இதை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். "மறுநாள் நான் பதட்டத்துல கையெழுத்தைக் கோணலா போட்டேன் தம்பி. இவரு என்னைப் பார்த்த பார்வை இருக்கே, பரீட்சைக்குப் படிக்காம வந்தவளைப் பாக்குற மாதிரி" என்பார்.

நான் அப்போது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு ஃப்ளாட்டில் குடியிருந்தேன். தொழில், டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றால் ஒரே ஒரு கார். அதற்கு முன்னும் பின்னும் சிவப்பு எல் போர்டு, என் காலடியில் தனியாக ஒரு பிரேக். இந்த உலகத்தில் நான் முழு நம்பிக்கை வைத்திருந்த பொருள் அந்த பிரேக் ஒன்றுதான். என்னிடம் படித்தவர்கள் பெரும்பாலும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். அதற்கு மேல் என் திறமையைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது நாகரிகமில்லை.

சாரும் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார். முதல் மாதம் முழுக்க அவர் சாவியைத் திருப்பவே இல்லை. வேப்பமர நிழலில் நின்ற காரில் உட்கார்ந்து, கிளட்ச், கியர், ஆக்சிலேட்டர் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஊர் முழுக்க ஓட்டினார். திருவானைக்காவல் வந்ததும் இண்டிகேட்டர் போட்டார். பாலத்தில் லாரிக்கு வழிவிட்டார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பக்கத்து சீட்டில் பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் அவர் திடீரென்று "மாடு" என்றார். என் கால் தன்னால் அழுத்தியது.

"சார், ஸ்டார்ட் பண்ணிடலாமா?" என்று கேட்டால், "பண்ணலாம். என்ன அவசரம்? முதல்ல பழகிப்போம்" என்பார்.

முதல்ல பழகிப்போம். இதுதான் அவர். ரயிலுக்கு முதல் நாள் பெட்டி இல்லாமல் ஸ்டேஷன் வரை ஒரு நடை போய் வருவார். பல் டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து வைத்துக்கொள்வார். வேலை, பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்ப்பது. லேப்டாப் எங்கேயோ அங்கே ஆபீஸ். அந்த வேலைக்குக்கூட, சேருவதற்கு முன் ஒரு வாரம் சம்பளமில்லாமல் தானாகவே காலை ஒன்பதுக்கு உட்கார்ந்து பழகினாராம். சும்மா திறந்து வைத்த லேப்டாப்பின் முன்னால், அயர்ன் பண்ணின சட்டையோடு.

அக்காவுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாரோ வெங்காயம்கூட நாள் பார்த்து உள்ளே நுழைகிற ஸ்ரீரங்கத்து வீட்டில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன் அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாராம். "மீன் இல்லாம என்னால இருக்க முடியாது. நீங்க சாப்பிட வேண்டாம். நான் சாப்பிடுறப்ப மூக்கைப் பொத்திக்காம இருந்தா போதும்." இவர் அதைக் கேட்டுவிட்டு மூக்கோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மீன் சமைப்பதையே கற்றுக்கொள்வது என்று முடிவு பண்ணினார்.

எப்படி? வாழைக்காயில்.

வாழைக்காயைச் சாய்வாக, வஞ்சிரத் துண்டு கனத்துக்கு நறுக்கி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூண்டும் அரைத்துத் தடவி, ஊறவைத்து, தோசைக் கல்லில் போட்டுப் புரட்டிப் பழகியிருக்கிறார். மீன் என்றால் நடுவில் முள் இருக்குமே என்று, கழுவிய ஈர்க்குச்சி ஒன்றை ஒவ்வொரு துண்டிலும் செருகியிருக்கிறார். இறாலுக்கு முந்திரிப்பருப்பு. வளைவு ஒரே மாதிரி இருக்கிறதாம். கல்யாணமாகி வந்த முதல் வாரம் அக்காவுக்குக் கிடைத்ததெல்லாம் ஈர்க்குச்சி செருகிய வாழைக்காய்தான். "நானும் முள்ளை எடுத்து ஓரமா வெச்சுட்டுச் சாப்பிட்டேன் தம்பி. வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

பிறகு உறையூர் மீன் மார்க்கெட்டுக்கு ஒத்திகை. முதல் தடவை விலை மட்டும் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பினார். அடுத்த தடவை, மீன் கெட்டியாக இருக்கிறதா என்று பார்க்க சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அழுத்தினார். மீன்கார அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. அப்புறம், "சாமி, இது எழுதுற மீன் இல்ல, திங்குற மீனு. கையால தொடுங்க" என்றது. தொட்டார். வீட்டுக்கு வந்து குளித்தார். மறு வாரம் மறுபடியும் போய்த் தொட்டார். வருஷக்கணக்கில் தொட்டுத் தொட்டு, கடைசியில் அந்த அம்மாவே, "சாமி வர்ற நாள்ல பழசை மேல வெக்காதடி" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

நான் பார்த்தபோது அவர் முழுத் தேர்ச்சி பெற்றிருந்தார். இறாலைச் சாயங்காலமே உரித்து, குடலை நீக்கி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு போட்டுப் பிரட்டி வைத்திருப்பார். சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டி ஒரு கிண்ணத்தில். கறிவேப்பிலை கழுவி உதறி ஒரு தட்டில். சோறு வடித்தாகியிருக்கும். அக்காவின் பஸ் காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச்சாலைக்கு வந்ததும் அக்கா ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இவர் அடுப்பைப் பற்றவைப்பார். நல்லெண்ணெய், வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, அப்புறம் இறால். மேலே கொரகொரவென்று பொடித்த மிளகு. கீழ் வீட்டு மாமி படாரென்று ஜன்னலைச் சாத்துவார். மாடியிலிருந்த எங்களுக்கெல்லாம் அந்தச் சத்தம்தான் சாப்பாட்டு மணி. அக்கா செருப்பைக் கழற்றும்போது தட்டில் ஆவி பறக்கும்.

இதில் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. அவர் ஒரு தடவைகூட ருசி பார்த்ததில்லை. கரண்டியை உள்ளங்கையில் தட்டி நாக்கில் வைப்பது, ஒரு சொட்டு உப்புப் பார்ப்பது, எதுவும் கிடையாது. காதால் கேட்பார், கண்ணால் பார்ப்பார், அவ்வளவுதான். "இறால் அரிவாள் மாதிரி வளைஞ்சா இறக்கிடணும் சார். வளையமாயிட்டா விட்டுட்டோம்னு அர்த்தம்" என்பார். அக்கா சாப்பிடுவதை எதிரே உட்கார்ந்து மோர் சாதத்தோடு பார்ப்பார். கிரிக்கெட்டில் ஆடாமல் ஸ்கோர் மட்டும் எழுதுகிறவர் முகம் இருக்குமே, அந்த முகம். லால்குடியில் வயலும் வாய்க்காலுமாக, கிடைத்ததையெல்லாம் தின்று வளர்ந்த எனக்கு இது புரியவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு ஹாலில் கரன்சி டிரேடிங் வகுப்பு. கற்றுக்குட்டிகளுக்கு மட்டும். ஃபீஸ் கிடையாது, காபி உண்டு. நான் காபிக்காகப் போனேன். என்னைப் போலவே தவறாமல் வந்த இன்னொருவர், சிந்தாமணியில் டிராவல்ஸ் வைத்திருந்த பாய். ஜித்தாவில் பல வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர்.

"டாலரை வாங்குறோம்னா அதே நிமிஷம் ரூபாயை விக்கிறோம். எப்பவும் ஜோடியாத்தான் பாக்கணும். ஒண்ணு ஏறினா ஒண்ணு இறங்கும்" என்பார் சார்.

"அப்ப ரெண்டையும் வாங்கி வெச்சுக்கிட்டா?" என்று நான் கேட்டேன்.

"அதுக்குப் பேரு பர்ஸ் சார்."

பாய் என் பக்கம் சாய்ந்து, "மாசச் சம்பளத்தை ஊருக்கு எந்த நாள்ல அனுப்புனா நாலு ரூபா கூட வரும்னு ஜித்தால ரூம்ல உக்காந்து பேசிக்குவோம். அதைத்தான் சார் கோட் சூட் போட்டுச் சொல்றார்" என்று விளக்கினார்.

ஆனால் சாரின் வகுப்பில் நிஜப் பணம் கிடையாது. செல்போனில் ஒரு பயிற்சிக் கணக்கு. சந்தை நிஜம், ஏறி இறங்குகிற விலை நிஜம், போடுகிற பணம் மட்டும் பொய். அந்த ஆப் நடத்துகிற கம்பெனிக்காரனே ஆரம்பத்தில் கொஞ்சம் பொய் டாலர் தருவான், அதை வைத்து வாங்கி விற்றுப் பழகலாம். சாதாரண ஜனங்கள் ஒரு வாரம் பழகுவார்கள். சார் பல வருஷமாகப் பழகிக்கொண்டிருந்தார். பொய் டாலரில் அவர் ஸ்ரீரங்கத்தின் பெரிய கோடீஸ்வரர். பொய் நஷ்டம் வந்த நாளில் ஷேவ் பண்ண மாட்டார். பெரிய பொய் லாபம் ஒன்று வந்தபோது எங்களுக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்தார். "நெய்யும் சர்க்கரையும் மட்டும் என் சம்பளத்துல வந்தது" என்றார் அக்கா.

"சார், இவ்ளோ நல்லா வருதே. கொஞ்சம் நெஜக் காசு போட்டுப் பாருங்களேன்" என்றார் பாய்.

"போடலாம் பாய். இன்னும் கொஞ்சம் பழகிப்போம்."

"எப்பலேர்ந்து பழகுறீங்க?"

சமையலறையிலிருந்து அக்கா குரல் வந்தது. "எனக்கு முன்னாடியே இது வந்துடுச்சு பாய். நான் ரெண்டாவது."

அவர் கற்றுக்கொடுத்ததில் முக்கியமானது கோடு. வாங்கும்போதே, இதற்குக் கீழே போனால் தாங்க மாட்டேன் என்று ஒரு விலையில் கோடு போட்டுவிட வேண்டும். விலை அங்கே வந்தால் தானாக விற்றுவிடும். சின்ன நஷ்டத்தோடு முகத்தைக் கழுவிக்கொண்டு போய்விடலாம். இது எனக்கு நன்றாகப் புரிந்தது. எதுவும் எனக்குப் புரிந்துவிட்டால் ஆபத்து. ஏசி வைத்த இரண்டாவது கார் வாங்கச் சேர்த்திருந்த பணத்தை எடுத்து, யாரிடமும் சொல்லாமல், நிஜக் கணக்கு ஒன்று ஆரம்பித்து டாலரை வாங்கினேன். கோடும் போட்டேன். டாலர் மெதுவாக இறங்கிக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தது. நான் கோட்டைக் கொஞ்சம் கீழே நகர்த்தினேன். அது மறுபடி வந்தது. நான் மறுபடி நகர்த்தினேன். எட்டு போடுகிற மாணவன் கம்பத்தில் இடிக்கப் போகிறான் என்றால் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற நான், வண்டியை விட்டு இறங்கிப் போய்க் கம்பத்தைப் பிடுங்கித் தள்ளி நட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் கம்பமும் இல்லை, மைதானமும் இல்லை.

என் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏசி எதுக்கு? கண்ணாடியை இறக்கிவிட்டா காத்து வரப்போவுது" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு சில நாள் எனக்குக் குழம்பில் காய் குறைவாக விழுந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம்.

என்னைவிட அதிகமாக வெளிறிப் போனவர் சார்தான். "நெஜமாவா போட்டீங்க? பழகாமயே?" என்று கேட்டுக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அதே டாலரை, அதே நாளில், இறங்கும் என்று கணித்துப் பயிற்சிக் கணக்கில் விற்றுப் பெரிய லாபம் பார்த்திருந்தார். அதைச் சொல்ல வாய் வராமல் தவித்தார். பாவம், அவர் பட்ட துக்கம் எனக்காக. அவர் சந்தோஷத்தைச் சொல்லிக்கொள்ள ஆளில்லை.

இதற்கெல்லாம் கொஞ்ச நாள் கழித்துத்தான் அக்காவுக்கு மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். சம்பளம் இங்கே வாங்குவதைப் போலப் பல மடங்கு. இருபது வயதிலிருந்தே அக்காவுக்கு இருந்த ஆசை அது. இரண்டே பேர் இருக்கிற வீடு. ஒருவர் போனால் மிச்சம் ஒருவர்.

"நீங்களும் வாங்க. லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தா ஆச்சு" என்றிருக்கிறார் அக்கா.

சார் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

"மஸ்கட்டை எப்படிங்க பழகுறது?" என்று அக்கா என்னிடம் வந்து கேட்டார். "என்னை ஒரு வாரம் நாகப்பட்டினத்துல அம்மா வீட்டுல இருக்கச் சொல்றார். நான் இல்லாம இருக்க முடியுதான்னு பாக்கணுமாம். நான் அங்க மஸ்கட்ல இருக்குற மாதிரியே இருக்கணுமாம். வீடியோ கால்ல மட்டும்தான் பேசணுமாம். நாகப்பட்டினத்துல நான் ஒட்டகத்துக்கு எங்க போவேன்?"

போனார். சார் சமையலறைக் கடிகாரத்தை மஸ்கட் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தார். காய்கறிக்காரன் வந்தால், "அவங்க ஊர்ல இல்ல, வெளிநாட்டுல இருக்காங்க" என்றார். காய்கறிக்காரன், "நேத்துதானேங்க பஸ் ஸ்டாண்டுல நாகப்பட்டினம் பஸ் ஏறுனாங்க" என்றான்.

அந்த வாரம் தினமும் சாயங்காலம் எதிர் வீட்டிலிருந்து அதே வாசனை வந்தது. கீழே ஜன்னல் சாத்தும் சத்தமும் வந்தது. முதல் நாளே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தட்டை நீட்டினார். நிறைய இறால், எல்லாம் கச்சிதமாக வட்டம் வட்டமாக. கம்மல் கடைக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்த மாதிரி இருந்தது.

"எப்படி சார் இருக்கு?"

இலவசமாகக் கிடைக்கும் சாப்பாட்டைக் குறை சொல்கிற குணம் எனக்கு இல்லை. ஆனால் கடிக்க முடியவில்லை. "சார், பஞ்சர் ஒட்டலாம் போல இருக்கு" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "மிஸ்டு கால் வரலையா, எப்ப அடுப்பைப் பத்தவெக்கிறதுன்னு தெரியல. குத்துமதிப்பா வெச்சேன். வெச்சதை எப்ப இறக்குறதுன்னும் தெரியல. நாளைக்குச் சரியாயிடும்."

நாளைக்கும் சரியாகவில்லை. நான் வாரம் முழுக்க மென்றேன். என் மனைவி, "நஷ்டத்துக்கு வட்டி கட்டுறீங்க போல" என்றாள்.

அக்கா திரும்பி வந்தது காலை நேரம். எங்கள் இரண்டு வீட்டுக் கதவும் எதிரெதிர். நான் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். சார் வாசலிலேயே அக்காவின் பையை வாங்கிக்கொண்டு, ரிசல்ட் சொல்கிற ஹெட்மாஸ்டர் மாதிரி சொன்னார்.

"நல்லபடியா முடிஞ்சுது. இருந்துட்டேன். ஒண்ணும் கஷ்டமில்ல. நீ தைரியமா போயிட்டு வா."

அக்கா படியிலேயே நின்றுவிட்டார். "பாஸாயிட்டீங்க."

"ஆயிட்டேன்."

"சந்தோஷம்" என்றார் அக்கா. அந்தச் சொல்லை அவ்வளவு சந்தோஷமில்லாமல் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சாருக்கு அது காதில் ஏறவில்லை. அவர் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

எனக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. அது பிறவிக் குறை. "என்ன பாஸுக்கா? என் தாடையைக் கேளுங்க. தினமும் இறால், தினமும் ரப்பர்" என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "தினமும் இறாலா? இங்க மீன் திங்குற ஆளே இல்லையே."

"உங்க பஸ் வர்ற நேரத்துக்குப் பத்தவெப்பார். மிஸ்டு கால் வராது, போனைப் பாத்துக்கிட்டே நிப்பார். அதுக்குள்ள அது வளையமாயிடும். அப்புறம் என்னைக் கூப்பிடுவார்."

அக்கா உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. ஒட்டுக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். செருப்பு வார் மாட்டுவதற்கு எனக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது, அவ்வளவுதான்.

"யாருக்குச் சமைச்சீங்க?"

"கைப்பழக்கம் விட்டுடக் கூடாதுல்ல."

பிறகு அக்கா சொன்னார்: "என்னைக்காவது பழக்கத்துக்கு இல்லாம ஏதாவது பண்ணுவீங்களா? ஒரே ஒரு தடவை? நான் போறது ஒத்திகை இல்லைங்க. போயிடுவேன்."

இரண்டு நாள் அந்த வீட்டிலிருந்து வாசனையும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. கீழ் வீட்டு மாமியே படியில் என்னை நிறுத்தி, "என்னாச்சு, ஊர்ல மீனே வரலையா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் காலை வேப்பமரத்தடிக்கு சார் வந்தார். நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். நானும் வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கில் காலை வைத்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நினைச்சுக்கக் கூடாது" என்றார். "அன்னைக்கு நெஜப் பணம் போச்சே உங்களுக்கு. அப்ப எப்படி இருந்துச்சு?"

"எங்க எப்படி இருந்துச்சு?"

"உள்ள."

நான் யோசித்தேன். என்னை யாரும் இந்த மாதிரி விஷயத்தில் வல்லுநராக மதித்துக் கேள்வி கேட்டதில்லை. "பாத்ரூம்ல போய் உக்காந்துக்கிட்டேன் சார். செத்துடுவோம்னுதான் நினைச்சேன்."

"அப்புறம்?"

"காலையில எந்திரிச்சேன். பசிச்சுது."

"பசிச்சுதா?"

"நல்லாவே பசிச்சுது. எப்பவும் திங்கறதைவிட ரெண்டு இட்லி கூடத்தான் தின்னேன். எனக்கே வெக்கமா இருந்துச்சு."

நான் வேடிக்கைக்குச் சொல்கிறேனா என்று அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "எனக்குப் பொய்ப் பணம் போறப்பகூட ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது சார்" என்றார். "நெஜமா போனா என்ன ஆகும்னு நினைச்சு நினைச்சே…" அதை முடிக்கவில்லை. இறங்கி, சிந்தாமணிப் பக்கமாக வேகமாக நடந்தார்.

பாய் அப்புறம் எனக்குப் போன் போட்டார். "சார் கடைக்கு வந்தாரு. மஸ்கட்டுக்கு விசிட் விசா, அக்கா போற அதே பிளைட்ல டிக்கெட்டுன்னாரு. நான் வழக்கம்போல விலை விசாரிக்க வந்திருக்காருன்னு நினைச்சு டீ சொன்னேன். பாஸ்போர்ட்டை எடுத்து மேஜை மேல வெச்சுட்டாரு. எனக்குக் கை ஓடல."

கிளம்புகிற நாளில் என் எல் போர்டு காரில்தான் போனோம். நான் ஓட்டினேன், பக்கத்தில் பாய், பின்னால் அவர்கள் இருவரும். ஸ்ரீரங்கத்திலிருந்து ஏர்போர்ட் வரை எல் போர்டைப் பார்த்த ஒவ்வொரு பஸ்ஸும் பயந்து ஒதுங்கி வழிவிட்டது. ராஜ மரியாதை. சார் மடியில் இருந்த பை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. ரோடு சரியில்லை என்று நான் நினைத்தேன். ரோடு நன்றாகத்தான் இருந்தது. ஏர்போர்ட்டுக்கு அவர் ஒத்திகை பார்க்கப் போகவில்லை என்று அக்கா என்னிடம் முதல் நாளே ரகசியமாகச் சொல்லியிருந்தார். "ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்குறார் தம்பி. ஆனா போகல."

புதுக்கோட்டை ரோட்டில் பணம் மாற்றும் கடை ஒன்று கண்ணில் பட்டதும், "நிறுத்துங்க" என்றார். "கையில கொஞ்சம் ரியால் வேணும்."

பாய் பதறிவிட்டார். "சார், இங்க வேண்டாம். ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல எல்லாம் கொள்ளை ரேட்டு. நீங்களே வகுப்புல சொல்லுவீங்களே. முன்னாடியே சொல்லியிருந்தா நான் டவுன்ல…"

"தெரியும் பாய்" என்றார் சார். "நஷ்டம்தான்." இறங்கிவிட்டார்.

நாங்களும் பின்னால் போனோம். உள்ளே ஏசி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு சின்னப் பெண். சார் பையிலிருந்து ஒரு கத்தை ரூபாயை எடுத்து உள்ளே தள்ளினார். விலை என்ன என்று கேட்கவில்லை. வருஷக்கணக்கில் டாலரையும் யென்னையும் விரல் நுனியில் வைத்திருந்த மனிதர், முதல் தடவையாக நிஜக் காசு போட்டு வெளிநாட்டுக் காசு வாங்குகிறார், விலைப் பலகை தலைக்கு மேலேயே மின்னுகிறது, நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பெண் கத்தையை எண்ணி வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பதிலுக்கு ஏழெட்டுத் தாளை எடுத்து வைத்தாள். அந்த ஊர்க் காசு மதிப்பில் அவ்வளவு கனம். பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினாள். "என்ன விஷயமா சார் போறீங்க?"

சார் திகைத்துப் போனார். தயார் பண்ணாத கேள்வி. அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா உதவிக்கு வரவில்லை. சுவரில் இருந்த காலண்டரில் ஏதோ விசேஷமாக இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வலது கால் பரபரத்தது.

"சார்? பயண நோக்கம் என்னன்னு போடணும்."

"இவங்ககூட இருக்கப் போறேன்" என்றார்.

அந்தப் பெண் திரையில் மேலிருந்து கீழே ஒரு தடவை தேடினாள். கீழிருந்து மேலே ஒரு தடவை தேடினாள்.

"அப்படி ஒரு ஆப்ஷன் இல்ல சார்" என்றாள். "டூரிஸ்ட்டுன்னு போட்டுக்கவா?"